ரசத் தண்ணியில் பன்னிரண்டு ரோஜா

போன வாரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்க, நான் முன்பு வேலை பார்த்த கூனிமேட்டு நர்சரிக்குப் போயிருந்தேன். மேசைப் பக்கத்தில் பேனா மாதிரி ஒன்று கயிற்றில் தொங்கியது. ரோஜா கேட்டு வந்தவர் தன் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் நீட்டினார். இப்போது நர்சரியை நடத்துகிற ரஹீம் அந்தப் பேனாவை உள்ளே விட்டு, அதில் ஓடிய எண்ணைப் பார்த்து, "ரோஸ் வராது சார், செம்பருத்தி எடுத்துக்கோங்க" என்றான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?"

"இல்லப்பா. உங்க அப்பாவா இருந்தா இதுக்குள்ள ஒரு வாய்தான் கொப்பளிச்சிருப்பாரு."

ரஹீமும் சிரித்தான். "அத எழுதிக் கொடுங்கக்கா. இங்க வேலைக்குச் சேர்றவங்க எல்லாரும் மீட்டர்ல நம்பர் வந்துட்டா போதும்னு நெனைக்கிறாங்க" என்றான்.

எழுத்து நமக்குத் தூரம். எட்டாவதோடு சரி. ஆனால் வாய் உண்டு. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பிழை இருந்தால் ரஹீம் திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஊர் அனுமந்தை. கலியாணமான மறு வருடம் அந்த நர்சரியில் சேர்ந்தேன், முழங்கால் மடங்க மாட்டேன் என்று சொன்ன வருடம் நின்றேன். நடுவில் முப்பத்தொரு வருடம். முதல் இரண்டு வருடம் பை நிரப்பினேன். செம்மண் இரண்டு கூடை, மணல் ஒரு கூடை, மக்கிய எரு ஒரு கூடை. மூன்றாவது வருடம் பதியம் போட்டேன். அதற்குப் பிறகு, "இவ வாய் சும்மா இருக்கல, ஆளுங்ககிட்டயாவது பேசட்டும்" என்று என்னைச் செடி விற்கும் பக்கம் விட்டார் காதர் பாய். என் படிப்பு இவ்வளவுதான்.

காதர் பாய் என்றால் ரஹீமின் அப்பா, எங்கள் முதலாளி. அவரிடம் வந்து யாரும் நேராகச் செடி வாங்கிவிட முடியாது. "தண்ணி கொண்டாந்தீங்களா?" என்பார். கொண்டுவராதவரைத் திருப்பி அனுப்புவார். கொண்டுவந்தால், முதலில் தன் பானைத் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளிப்பார். பிறகு பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, நாக்கு நுனியால் தொட்டுவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, லாரி ஹாரன் அடித்தால்கூட முகம் சுளிப்பார். துப்பிவிட்டுத்தான் தீர்ப்பு.

தீர்ப்பு மூன்றே மூன்று. காபித் தண்ணி, ரசத் தண்ணி, கருவாட்டுத் தண்ணி.

காபி போடலாம் என்கிற தண்ணீருக்கு ரோஜா, மல்லி, மாங்கன்று எதுவும் கிடைக்கும். ரசத்துக்குத்தான் ஆகும் என்றால் செம்பருத்தி, மருதாணி, சப்போட்டா. கருவாட்டுத் தண்ணி என்றால் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, பூவரசு. உப்பளக் கரையில் வீடு கட்டியவர்களின் தண்ணீர் பெரும்பாலும் மூன்றாவது வகைதான்.

அடுத்த கேள்வி, "யாரு தண்ணி ஊத்துவாங்க?" ஒருவர் "வாட்ச்மேன்" என்றார். காபித் தண்ணி வைத்திருந்தும் அவருக்கு அரளிதான் கிடைத்தது.

'இல்லை' என்ற சொல் பாயின் வாயில் வராது. ரோஜாவைக் கேட்டால், "அது இன்னும் வேர் புடிக்கலம்மா, அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அடுத்த மாதமும் அது வேர் பிடித்திருக்காது. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். 'மேரி' என்று கூப்பிடும் வரை நமக்கு ஆபத்தில்லை. 'வாங்க மேரியம்மா, உக்காருங்க' என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது.

வாங்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறதைக் கேட்பதற்காகவே நான் லீவு போடாமல் வந்திருக்கிறேன். எங்கள் ஊர் மீனவர் ஒருவர், "கடல் காத்து, வெயில், என் வாய் மூணுத்தையும் தாங்குற செடி ஒண்ணு கொடு. வீட்டுல ஏற்கெனவே என் பொண்டாட்டி ஒருத்தி தாங்குறா, இன்னொண்ணு வேணும்" என்றார். கூடவே நின்ற அவர் மனைவி, "அவருக்குக் கள்ளி குடுங்க, பேச்சுத் துணைக்கு" என்றார்.

இந்தக் கரையில் வருடம் மற்ற ஊர் மாதிரி ஓடாது. தையில் உப்பளத்தில் பாத்தி கட்டுவார்கள், நாங்கள் குச்சி வெட்டி நடுவோம். பங்குனியில் அவர்களுக்கு உப்பு விளையும், எங்களுக்கு இலை கருகும். மத்தியானக் கடல் காற்று இலைமேல் உப்பைப் பூசிவிட்டுப் போகும், விடிந்ததும் வெறும் தண்ணீரால் ஒவ்வொரு இலையையும் கழுவ வேண்டும். கத்திரி வெயிலில் தென்னை நாரை வேர்மேல் போர்த்துவோம். மற்ற ஊர்க்காரர்கள் ஆடியில் செடி வைப்பார்கள். பாய் மட்டும் ஆடியில் கன்று விற்க யோசிப்பார். "ஆடியில வெச்சது இங்க நிக்க மாட்டுது, ஏன்னு தெரியல" என்பார். அந்த 'ஏன்' தெரிந்ததுதான் நான் சொல்ல வந்த கதை.

ஜமீலா என்று ஒரு பெண். மரக்காணம் போகிற வழியில், உப்பளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், புதிதாக வீடு கட்டிக் குடி வந்திருந்தாள். கணவர் அன்சாரி சவுதியில். இருபத்திரண்டு வருடமாக அங்கே, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். அந்த ஆவணியில் ஒரேயடியாகத் திரும்பி வருகிறார் என்று மாசியிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஒவ்வொரு போன்லயும் ஒரே பேச்சு மேரிக்கா. வீடு கட்டினா வாசல்ல ரோஜா வெக்கணும், வந்து எறங்குனா ரோஜாவத்தான் பாக்கணும்னு. தனக்குன்னு அவரு எதுவுமே கேட்டதில்ல. இத ஒண்ணுதான் கேட்டிருக்காரு."

பாய் அவள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "ரசம்" என்றார். ரோஜா வழக்கம்போல இன்னும் வேர் பிடித்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஜமீலா மறுபடி வந்தாள். நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"குடுங்கக்கா. செத்தா என் தலையெழுத்து."

"சாவாது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். வாய் இருக்கிறது என்றேனே, அது செய்த வேலை.

பன்னிரண்டு ரோஜாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு செடிக்கும் முழங்கை ஆழத்துக்கு இரண்டு மடங்கு குழி. உள்ளூர் மண்ணை வாரி வெளியே போட்டு, கிளியனூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் எருவும் போட்டு நிரப்பினோம். சுற்றி வரம்பு கட்டி, வட்டப் பாத்தி. தினம் காலையில் பாத்தி நிறைய, வேர் முழுக்க நனைகிற மாதிரி ஊற்றச் சொன்னேன். அந்தப் பெண்ணும் ஒரு நாள் தவறவில்லை.

ஆனியில் பன்னிரண்டும் பூத்தன. பாய்க்குத் தெரியாமல் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை ஜமீலா பாத்தி வரம்பைக் காட்டி, "பாருங்கக்கா, ஓரமெல்லாம் மாவு கொட்டுன மாதிரி இருக்குது" என்றாள். வெள்ளையாக ஒரு தோல் படிந்திருந்தது. "வெயிலுக்கு மண்ணு வெளுத்திருக்குது" என்று சொல்லிவிட்டேன். உப்பளத்துக்கு எதிரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

ஆடி பாதியில், இரண்டு நாள் சாயங்காலம் தூறல் போட்டது. மண் வாசனை வந்தது, மனசு குளிர்ந்தது. ஜமீலா போன் செய்தாள். "மழ பெய்யிது மேரிக்கா, தண்ணி ஊத்தணுமா?"

"மழையிலயும் ஊத்துவாங்களாடி? நாலு நாளு நிறுத்து. மழத் தண்ணி செடிக்கு மருந்து."

ஐந்தாம் நாள் இலை ஓரம் பழுத்தது. எட்டாம் நாள் கருகியது. பதினோராம் நாள் நான் போனபோது பன்னிரண்டும் குச்சி. பாதி பூ காம்பிலேயே காய்ந்து நின்றது. ஜமீலா அழவில்லை. ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பன்னெண்டு நாளு தான்க்கா இருக்குது" என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஆட்டோ, செம்மண், ஒன்று விடாமல். கேட்டு முடித்தார்.

"வாங்க மேரியம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் ஒரு டம்ளரில் பானைத் தண்ணீர் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நாளைக்குக் காலையில போறோம். நீங்க ஷேர் ஆட்டோல வந்துடுங்க."

அவர் மொபெட்டில் வந்தார். ஜமீலா வீட்டு வாசலில் குந்தி, செத்த செடியின் அடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, நாக்கில் வைத்தார். உப்பளத்தைப் பார்த்தபடி இருந்தார். துப்பினார்.

"கருவாடு" என்றார்.

"எப்படி பாய்? நான் போட்டது கிளியனூர் செம்மண்ணு. ஊத்துனது ரசத் தண்ணி. மேல பெஞ்சது மழ."

"அதான் எனக்கும் புரியல மேரி." மறுபடி வெறும் மேரி ஆகிவிட்டேன். "மழ பெஞ்சி எப்படி உப்பு ஏறும்? தெரியல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னா அது அல்லாவுக்குப் பொறுக்காது."

பிறகு ஜமீலாவிடம் திரும்பினார். "தாயி, பத்து நாளுல ரோஜா கேக்காத. பூ கேளு, தர்றேன்."

நர்சரியின் முகப்பில் பெரிய பைகளில் வளர்த்து வைத்திருந்த தன் காகிதப்பூச் செடிகளையே கொடுத்தார். வெள்ளை, ஆரஞ்சு, ராணி ரோஸ் கலர். சுவர் ஓரம் முழுக்க அரளி. கீழே நித்தியகல்யாணி. அரளியை இறக்கும்போது ஜமீலாவுக்கு மனசு ஆறவில்லை.

"இது பைபாஸ் ரோடு நடுவுல நிக்கிற செடிதான பாய்? அவரு எறங்கி, ஏர்போர்ட்ல இருந்து வந்த ரோடு இன்னும் முடியலன்னு நெனைக்கப் போறாரு."

"நெனைக்கட்டும். பூத்திருக்குதா இல்லியா?" என்றார் பாய்.

அன்சாரி வருகிற அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தாள் ஜமீலா. "ரோஜா எங்கன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்." காபித் தண்ணியில் வளர்ந்த ஒரு ரோஜாவைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். ஒரே ஒரு பூ இருந்தது. அதைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

வேன் வந்தது. அன்சாரி இறங்கினார். மெலிந்த ஆள், வெயில் தின்ற முகம். வாசலைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். தொட்டி ரோஜா அவர் கண்ணில் படவே இல்லை. நேராக ஒரு காகிதப்பூச் செடியிடம் போய், காய்ந்திருந்த ஒரு நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எறிந்தார். குனிந்து வேர் மண்ணைப் புரட்டி ஈரம் பார்த்தார். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. செடிகளோடு இருந்தவர் கை அது. என் கையும் அப்படித்தான் போகும்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இருவத்திரெண்டு வருஷம் ஜமீலா! இதுங்களுக்குத்தான் தண்ணி ஊத்துனேன். இத வெட்டுறது, இத பெருக்குறது, அரளி, காகிதப்பூ, அரளி, காகிதப்பூ. அங்க ரோடு முச்சூடும் இதான். போதும் யா அல்லான்னு ப்ளேன் ஏறுனா, எனக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்கிதுங்க!"

ஜமீலாவின் முகம் மாறியது. "என்ன சொல்றீங்க? நீங்க சூப்பர்வைசர்தான?"

"ஆமா" என்றார் அவர். சிரிப்பு நின்றுவிட்டது. "செடிங்களுக்கு."

வேன் டிரைவர்கூடப் பெட்டியைத் தூக்காமல் நின்றார். அந்த இடத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்று இருந்தது. ஜமீலா அவரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"பாருங்க மேரிக்கா. தோட்டக்காரரக் கட்டிக்கிட்டு நான் நர்சரிக்கு அலைஞ்சிருக்கேன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சிரித்தார். "எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் பெட்டியைத் தூக்கி உள்ளே போனாள்.

டீ குடிக்கும்போது ரோஜா செத்த கதையைச் சொன்னேன். ஓரத்து வெள்ளைத் தோலைப் பற்றிச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மழ வந்ததும் தண்ணிய நிறுத்திட்டீங்களா?"

"பின்ன? நிறுத்தாம?"

"அதாங்க தப்பு. தெனமும் ஊத்துற தண்ணில உப்பு இருக்குது. வெயில்ல தண்ணி காயும், உப்பு எங்க போவும்? வரம்பு ஓரமா மேல வந்து ஒக்காந்துக்கும். ரெண்டு தூறல் போட்டா அது கரைஞ்சி நேரா வேருக்கு எறங்கும். பெரிய மழயா இருந்தா வேரையும் தாண்டி அடியில போயிடும், தப்பிச்சிக்கும். தூறல் வேரோட நின்னுடும். அங்க எங்களுக்கு ஆர்டரே அதான், மேகம் கட்டுனா மொதல்ல வரம்புத் தோல சொரண்டி எடு, தூறுனா பைப்ப தொற. மழ ஓயுற வரைக்கும் மூடாத."

முப்பத்தொரு வருட வேலையில் என் காதில் விழுந்த வார்த்தைகளிலேயே பெரிய வார்த்தை அது. அன்று சாயங்காலமே பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும்போது நிற்கிற மாதிரியே நின்றார்.

"என் நாக்கு சரியாத்தான் சொல்லிச்சி மேரி. எவ்ளோ உப்புன்னு கேட்டேன், சொல்லிச்சி. உப்பு எங்க போவுதுன்னு நான் கேக்கவே இல்லியே."

ஐப்பசியின் முதல் மழைக்கு அன்சாரி குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஓஸ் பைப்போடு வாசலில் நின்றார். தெருவே சிரித்தது. "சவுதி வெயில் மண்டைக்கு ஏறிடுச்சி" என்றார் ஒருவர். வேலை முடிந்து உப்பளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா! உப்ப மேல எடுக்குறதுக்கு நாங்க சாவுறோம், கீழ அனுப்புறதுக்கு நீங்க சாவுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்ட மாத்திரத்தில் அதற்கு அர்த்தம் பிடிபட்டது அவள் ஒருத்திக்குத்தான்.

மார்கழியில் பாய் மொபெட்டில் வந்து அதே இடத்தில் குந்தினார். மண்ணை நாக்கில் வைத்தார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"கஞ்சித் தண்ணி" என்றார். நான்காவது தீர்ப்பு. நான் அதுவரை கேட்டதில்லை. "ரோஜா குடிக்கும்."

ஆறு ரோஜா வைத்தோம். இரண்டு போய்விட்டன, நான்கு நின்றன. காகிதப்பூவை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று அன்சாரியே சொல்லிவிட்டார். "கூட வேல செஞ்சதுங்க, இருக்கட்டும்" என்றார்.

பாய் மவுத்தாகி, கண் மூடிப் பல வருடம் ஆகிறது. பேனா மீட்டர் நல்லதுதான் ரஹீம். உன் அப்பா அரை மணி நேரம் நின்று சொன்னதை அரை நிமிடத்தில் சொல்கிறது, பொய்யும் சொல்வதில்லை. ஆனால் அது கேட்பதும் உன் அப்பா முதலில் கேட்ட ஒரே கேள்வியைத்தான். உப்பு எங்கே போகிறது என்ற இரண்டாவது கேள்வியை நீதான் கேட்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வானம் மூட்டமாகிவிட்டது. இந்த ஆடிக்கு இதுதான் முதல் தடவை. கரண்டியை எடுத்துப் போய், என் வாசல் பாத்தி வரம்பின் வெள்ளைத் தோலைச் சுரண்டி வாரிக் கொட்டினேன். முழங்கால் முனகியது. நான்கு சொட்டு விழுந்ததும் போன் அடித்தது. ஒவ்வொரு வருடமும் அடிக்கும், யார் என்று பார்க்கத் தேவையில்லை.

"மேரிக்கா, இங்க தூற ஆரம்பிச்சிடுச்சி."

"இங்கயும்தான்டி."

"பைப்ப தொறந்துட்டீங்களா?"

பின்னால் அன்சாரியின் குரல் கேட்டது. "மூட வேணாம்னு சொல்லு. போன தடவ பாதியில மூடிட்டாங்க."

"கேட்டுச்சா?" என்றாள் ஜமீலா. "சூப்பர்வைசர் சொல்றாரு."

குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பைப்பைத் திறந்தேன்.